கண் திறந்திருந்தும் காணாமல் விடுவது ஏன்? கவனம் குவியும்போது பக்கப்பார்வைக்கு நடப்பது என்ன?

முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்து எனக்கு அப்போது ஆறாவது மாதம். காலை பத்து மணியிருக்கும். ஒரு மீற்றர் அகலமான பாதைக்குள் முழங்காலில் இருந்தபடி, கருவி சத்தமிட்ட இடத்தை நோக்கி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். முகக்கவசத்துக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் ஏதோ ஒரு விளிம்பு தெரிவது போல இருந்தது. மிதிவெடியா, பழைய தகரத் துண்டா என்று சொல்ல முடியவில்லை. உலகத்தில் அந்த விளிம்பைத் தவிர வேறு எதுவும் எனக்கு இருக்கவில்லை.

விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா தூரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னுடைய இடது கால், பாதையின் எல்லையைக் குறிக்கும் தடியைத் தள்ளிவிட்டு, துப்புரவு செய்யப்படாத பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குப் போயிருந்தது. காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“மூண்டு தரம் ஊதினனான் பிள்ளை, நீ நிமிரவே இல்லை” என்றார் அக்கா.

“எனக்கு ஒருக்காத்தான் கேட்டது அக்கா.”

அவர் ஏசவில்லை. “எல்லாருக்கும் வாறதுதான். அதுக்குத்தானே என்னை இஞ்ச நிப்பாட்டி வைச்சிருக்கு” என்றார். பத்து நிமிடம் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்த பிறகுதான் மறுபடி பாதைக்குள் போக விட்டார்.

அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அன்றைய கேள்வி என்னோடு இருந்தது. என் கண்ணில் குறையில்லை. காதிலும் குறையில்லை. தடி என் பக்கத்திலேயே கிடந்தது. பிறகு எப்படி நான் அதைக் காணாமல் விட்டேன்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் நீண்ட காலமாக விடை தேடி வந்திருக்கின்றார்கள் என்பதைப் பிற்பாடுதான் வாசித்து அறிந்தேன். நான் வைத்தியரோ உளவியலாளரோ இல்லை. ஆனால் அந்த விடை எங்கள் சனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கின்றேன். அதற்கு முக்கியமான காரணம் எங்கள் மாமி. அவரைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கின்றேன்.

பெருவிரல் நகத்தின் அளவு

முதலில் கண்ணைப் பற்றிச் சிறிது பார்ப்போம். இரண்டு கண்களாலும் நாம் பார்க்கக்கூடிய பரப்பு, இடமிருந்து வலமாக ஏறத்தாழ 200 பாகை. அதாவது, நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் கையை அசைத்தால் அது தெரியும். ஆனால் இந்தப் பரப்பு முழுவதும் ஒரே அளவு தெளிவாகத் தெரிவதில்லை.

கையை நேரே நீட்டி, பெருவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகத்தின் அகலத்துக்குள் விழுவதை மட்டுமே நாம் மிகத் தெளிவாகக் காண்கின்றோம். விழித்திரையின் நடுவில் மஞ்சட் பொட்டு என்று பாடசாலையில் படித்த பகுதி இருக்கின்றது. அதன் மையத்தில் உள்ள சிறிய குழியில் கூம்புக் கலங்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்து வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அந்தச் சிறு குழியின் வேலை. அதைச் சுற்றியுள்ள பெரும் பரப்பு பக்கப்பார்வைக்கு உரியது. அங்கே நுணுக்கமான விபரங்கள் தெரியாது. ஆனால் அசைவு தெரியும், மங்கிய வெளிச்சத்திலும் உருவங்கள் தெரியும். பாம்பு ஊர்வது, வாகனம் வருவது, பிள்ளை ஓடுவது போன்றவற்றை முதலில் எங்களுக்கு அறிவிப்பது இந்தப் பக்கப்பார்வைதான். அது அறிவித்ததும் கண் அந்தப் பக்கம் திரும்புகின்றது. மையப்பார்வை மிகுதியைப் பார்த்துக்கொள்கின்றது.

கண் ஒரு விநாடிக்கு மூன்று நான்கு தடவை இடம் மாறுவதால், எல்லாமே எப்போதும் தெளிவாகத் தெரிவது போல எங்களுக்குத் தோன்றுகின்றது. உண்மையில் அந்தச் சிறு வட்டத்தை அங்குமிங்கும் நகர்த்தித்தான் நாம் உலகத்தைப் பார்க்கின்றோம்.

இதுவரை சொன்னது கண்ணின் அமைப்பு. அதற்கு மேல் கவனம் என்ற ஒன்று இருக்கின்றது. நடுவில் இருக்கும் வேலை கடினமாகும்போது, கண்ணில் விழும் பக்கக்காட்சி மாறாமல் இருந்தாலும், அதில் எவ்வளவை மூளை எடுத்துக்கொள்கின்றது என்பது குறைந்துவிடுகின்றது. முகமாலையில் எனக்கு நடந்தது அதுதான்.

ஆய்வுகள் காட்டியவை

1965இல் நோர்மன் மக்வேர்த் என்ற உளவியலாளர் ஒரு எளிய பரிசோதனையை வெளியிட்டார். நடுவில் ஒரு எழுத்தும் பக்கங்களில் எழுத்துக்களும் ஒரு கணம் காட்டப்படும். அவை ஒரே எழுத்துக்களா என்று சொல்ல வேண்டும். எழுத்துக்கள் தனியாக இருந்தபோது பங்கேற்றவர்கள் இதனை நன்றாகச் செய்தார்கள். சுற்றிலும் தேவையற்ற எழுத்துக்களைச் சேர்த்து நெரிசலாக்கியபோது, பக்கத்தில் இருப்பதைச் சொல்லும் திறன் வெகுவாக விழுந்தது. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போன்ற நிலை என்று அவர் இதனை விபரித்தார். 1975இல் யப்பானிய ஆய்வாளர்கள் இருவரும் இதே முடிவுக்கு வந்தனர். நடுவில் உள்ள வேலை எவ்வளவு கடினமோ, ஒருவர் உண்மையில் பயன்படுத்தக்கூடிய பார்வைப் பரப்பு அவ்வளவுக்குச் சுருங்குகின்றது என்று அவர்கள் காட்டினார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த பரிசோதனை 1999இல் வெளியானது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் டானியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரிஸ் ஆகிய இருவரும் நடத்தியது. சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறியும் காணொளி ஒன்று காட்டப்படும். வெள்ளை உடை அணிந்தவர்கள் எத்தனை தடவை பந்தை மாற்றினார்கள் என்று எண்ண வேண்டும். இடையில் கொரில்லா வேடமணிந்த ஒருவர் நடுவே வந்து, நெஞ்சில் அடித்துக்காட்டிவிட்டுப் போவார். பார்த்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அந்தக் கொரில்லாவைக் காணவில்லை. பிற்காலத்தில் கண்ணசைவை அளக்கும் கருவியோடு இதனைச் செய்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. காணாதவர்களின் கண்களும் கொரில்லாவின் மேல் விழுந்தே இருந்தன. கண்டவர்களைப் போலவே, ஏறத்தாழ ஒரு விநாடி.

அனுபவமும் இதிலிருந்து காப்பாற்றுவதில்லை. 2013இல் வெளியான ஒரு ஆய்வில், 24 கதிரியக்க வைத்தியர்களிடம் நுரையீரல் படங்களைக் கொடுத்துப் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்தின் ஒரு மூலையில், வழமையான கட்டியை விடப் பல மடங்கு பெரிதாகக் கொரில்லா உருவம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. 20 வைத்தியர்கள் அதைக் காணவில்லை. அந்த உருவம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கவில்லை. காணாதவர்களில் பெரும்பாலானோர் அதை நேராகவே பார்த்திருந்தார்கள். தேடியது கட்டியை, கிடைத்ததும் கட்டிதான்.

மூளைக்குள் என்ன நடக்கின்றது?

லண்டனில் பணியாற்றும் நில்லி லாவி என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பார்வைக்கான மூளையின் கொள்ளளவு மட்டுப்படுத்தப்பட்டது. நடுவில் உள்ள வேலை இலகுவாக இருந்தால், மிச்சமாக இருக்கும் கொள்ளளவு தானாகவே பக்கத்தில் இருப்பவற்றுக்குப் போய்ச்சேரும். நாங்கள் விரும்பாவிட்டாலும் போகும். நடுவில் உள்ள வேலை கடினமாக இருந்தால், கொள்ளளவு முழுவதும் அங்கேயே செலவாகிவிடும். பக்கத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

1997இல் அவரும் சக ஆய்வாளர்களும் மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து இதனைச் சோதித்தார்கள். திரையின் நடுவில் சொற்கள் தோன்றும். சுற்றிலும் புள்ளிகள் அசைந்துகொண்டிருக்கும். புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஒரு தடவை, சொல் பெரிய எழுத்தில் இருக்கின்றதா சிறிய எழுத்தில் இருக்கின்றதா என்று மட்டும் பார்க்கும் இலகுவான வேலை. இன்னொரு தடவை, சொல்லில் எத்தனை அசைகள் என்று கணிக்கும் கடினமான வேலை. இலகுவான வேலையின்போது அசைவை உணரும் மூளைப்பகுதி தெளிவாக இயங்கியது. கடினமான வேலையின்போது அதன் இயக்கம் குறைந்துவிட்டது. புள்ளிகள் இரண்டு தடவையும் ஒரே விதமாகத்தான் அசைந்தன. கண்ணும் ஒரே இடத்தில்தான் இருந்தது.

இதில் முக்கியமான விடயம் ஒன்று இருக்கின்றது. “கண்டேன், ஆனால் மறந்துவிட்டேன்” என்பதல்ல இது. காண்பதற்கு முன்னரே, மூளையின் பார்வைப் பகுதிகளிலேயே அந்தக் காட்சி மங்கிப்போகின்றது. ஆகவே “கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே” என்று பிறகு சொல்வதில் பெரிதாக அர்த்தமில்லை. அந்த ஆள் கவனமாகத்தான் இருந்தார். அந்தக் கவனம் முழுவதும் ஒரு இடத்தில் இருந்தது.

பார்வையோடு நின்றுவிடுவதும் இல்லை. கண்ணுக்குக் கடினமான வேலை கொடுக்கப்பட்டபோது, வேளைக்கு ஒலித்த சத்தத்தைப் பெரும்பாலானோர் கேட்கவில்லை என்று 2011இல் லாவியும் இன்னொரு ஆய்வாளரும் காட்டினார்கள். எனக்கு முதல் இரண்டு விசில்களும் ஏன் கேட்கவில்லை என்பது இதை வாசித்தபோதுதான் விளங்கியது. 2016இல் வெளியான இன்னொரு ஆய்வு தொடுகையைப் பற்றியது. கண் கடினமான வேலையில் இருக்கும்போது, கையில் கொடுக்கப்படும் மெல்லிய அதிர்வை உணரும் திறனும் குறைகின்றது.

ஆய்வாளர்கள் எல்லோரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகின்றார்கள் என்று சொல்ல முடியாது. பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்குகின்றதா, அல்லது எல்லா இடத்திலும் சமமாக மங்குகின்றதா என்பது நீண்டகால விவாதம். வேலை எத்தகையது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கலாம் என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. கண்ணாலேயே நடுவில் செய்யும் கடினமான வேலை ஓரத்தைச் சுருக்குகின்றது. தொலைபேசியில் பேசுவது போன்ற காதுக்கும் மனதுக்கும் உரிய வேலை, பார்வை முழுவதையும் பொதுவாக மங்கச் செய்கின்றது.

ஒரு மின்குமிழ், ஒரு விமானம்

1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவின் மியாமி நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ரேர்ன் நிறுவனத்தின் 401ஆம் இலக்க விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறிய மின்குமிழ் எரியவில்லை. விமானத்தைத் தானியங்கி முறையில் 2000 அடி உயரத்தில் பறக்கவிட்டு, விமானிகள் அந்தக் குமிழைக் கழற்றிப் பார்ப்பதில் மும்முரமானார்கள். இதற்கிடையில் தானியங்கி உயரக் கட்டுப்பாடு விடுபட்டு, விமானம் மெல்ல மெல்ல இறங்கியது. உயரம் காட்டும் மானி அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. உயரம் குறைவதை எச்சரிக்கும் மணியும் ஒலித்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எரியாமல் விட்டது குமிழ் மட்டும்தான், சக்கரத்தில் பிழை இருக்கவில்லை.

அந்த விமானிகள் அனுபவம் மிக்கவர்கள். சோம்பேறிகளும் அல்ல. இந்த விபத்துக்குப் பிறகு விமானத்துறை ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டது. பிரச்சினையைப் பார்ப்பவர் ஒருவர் என்றால், விமானத்தைப் பார்ப்பதற்கு இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். எங்கள் அக்கா விசிலோடு தள்ளி நின்றதும் இதே பாடம்தான்.

பயம் வரும்போது

இதுவரை சொன்னவை அமைதியான அறைகளிலும் வழமையான வேலைகளிலும் நடப்பவை. உயிர்ப்பயம் சேரும்போது என்ன ஆகும்? மனம் பதற்றமடையும்போது அது எடுத்துக்கொள்ளும் தகவல்களின் எல்லை சுருங்குகின்றது, மிக முக்கியமாகத் தோன்றுவது மட்டும் மிஞ்சுகின்றது என்று ஈஸ்ரர்புரூக் என்ற உளவியலாளர் 1959இலேயே பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்.

1987இல் எலிசபெத் லொஃப்டஸ் என்ற நினைவாற்றல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். உணவுக்கடை ஒன்றில் வரிசையில் நிற்கும் ஒருவரின் படங்கள் காட்டப்பட்டன. ஒரு தொகுதிக்கு அவர் காசாளரிடம் காசோலையை நீட்டுவது போலவும், மற்றத் தொகுதிக்குத் துப்பாக்கியை நீட்டுவது போலவும் காட்டப்பட்டது. துப்பாக்கியைக் கண்டவர்களின் கண்கள் அதன் மேல் கூடுதல் நேரம் நின்றன. அவர்களுக்கு அந்த ஆளின் முகத்தை அடையாளம் காட்டுவது கடினமாக இருந்தது.

எங்கள் மக்களுக்கு இது புத்தகத்தில் படிக்கும் விடயமல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் ஆணைக்குழுக்களின் முன்னாலும் அலுவலகங்களின் முன்னாலும் எத்தனையோ தடவை சாட்சியம் சொல்லியிருக்கின்றார்கள். வாகனத்தின் இலக்கம் என்ன? வந்தவர்கள் எத்தனை பேர்? என்ன நிற உடுப்பு? பக்கத்தில் நின்றது யார்? இந்தக் கேள்விகளுக்கு “தெரியாது” என்று சொல்லும்போது, அந்தப் பெண் சொல்வது முழுவதுமே சந்தேகத்துக்குரியது போல எழுதிக்கொள்பவர்களும் இருக்கின்றார்கள். வீட்டுக்குப் போன பிறகு, “அதைக் கூடப் பார்க்காமல் விட்டேனே” என்று அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்கின்றார்கள்.

ஆய்வுகள் சொல்வது வேறு. கணவனின் நெற்றியில் வைக்கப்பட்ட துப்பாக்கியைப் பார்த்த ஒருவருக்கு, வாசலில் நின்ற வாகனத்தின் இலக்கம் தெரியாமல் இருப்பது இயல்பு. ஒரு விபரம் இல்லை என்பதற்காக, கண்ட விபரம் பொய்யாகிவிடாது. அதேபோல, நினைவில் இருக்கும் எல்லா விபரமும் தவறாமல் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் இருந்த வெற்றிடங்களைப் பிறகு கேட்ட கதைகள் நிரப்பிவிடக்கூடும். அதனால்தான் சாட்சியத்தைப் பதிவு செய்பவர்கள், பதிலைத் தாங்களே எடுத்துக்கொடுக்காமல், அந்த ஆள் தன் பாட்டில் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்க வேண்டும். “தெரியாது” என்பதும் ஒரு நேர்மையான பதில் என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் எங்களிடம் இருக்கின்றது. போரின் பின் சிலருக்குக் கவனம் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ஓரத்தில் நிழல் அசைந்தாலும் திடுக்கிடுகின்றார்கள். பேருந்தில் கதவைப் பார்த்தபடியே இருக்கின்றார்கள். கண் எப்போதும் சுற்றிலும் தேடிக்கொண்டிருப்பதால், நடுவில் இருக்கும் வேலை, வாசிப்பு, பிள்ளையின் படிப்பு ஆகியவற்றில் மனம் ஊன்ற முடியவில்லை. இது மிகை விழிப்பு என்று அறியப்பட்ட ஒரு நிலை. ஆபத்தான காலத்தில் உயிரைக் காத்த பழக்கம், ஆபத்து நீங்கிய பிறகும் விடாமல் நிற்பது அது. இதற்கு உதவி உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் இதைப் பற்றிப் பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீதியிலும் தண்டவாளத்திலும்

போர் முடிந்த பிறகு எங்கள் ஊர்களில் வீதிகள் அகன்றன, வாகனங்கள் பெருகின. பல வருடங்களாக நின்றிருந்த புகையிரதம் 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. புகையிரதமே ஓடாத காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தண்டவாளத்தைக் கடக்கப் பழகாமலே கடக்கத் தொடங்கியது. பாதுகாப்பற்ற கடவைகளில் நடந்த உயிரிழப்புக்களை நாங்கள் எல்லோரும் செய்திகளில் வாசித்திருக்கின்றோம்.

இங்கே பக்கப்பார்வைதான் உயிர் காப்பது. புகையிரதம் நேரே முன்னால் வருவதில்லை, பக்கத்திலிருந்து வருகின்றது. மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர், குழியும் மேடுமாக இருக்கும் கடவையில் சில்லு எங்கே விழும் என்று குனிந்து பார்த்துக்கொண்டு போனால், அவருடைய கவனம் முழுவதும் முன்சில்லுக்கு முன்னால் உள்ள இரண்டு அடிக்குள் நின்றுவிடும். கைத்தொலைபேசியும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. தொலைபேசியில் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது என்று கனடாவில் செய்யப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. கையில் பிடித்துப் பேசினாலும், கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

வயது கூடும்போது இது இன்னும் கடுமையாகின்றது. எழுத்துப் பலகையை நன்றாக வாசிக்கும் முதியவர்களுக்குக் கூட, நடுவில் ஒரு வேலையைச் செய்தபடி ஓரத்தில் வருவதைக் கவனிக்கும் பரப்பு சுருங்கியிருக்கலாம். அவ்வாறு பெருமளவில் சுருங்கியிருந்த முதிய சாரதிகள், முந்தைய ஐந்து வருடங்களில் விபத்தைச் சந்தித்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட ஆறு மடங்கு அதிகம் என்று 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. “எனக்குக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கலாம்” என்று சொல்லும் அப்பாவுக்கு, அது வீதிக்குப் போதுமான உத்தரவாதம் அல்ல.

கண்ணிவெடி வேலையில் நான் படித்த மூன்று பழக்கங்களை இன்றும் வீட்டில் கடைப்பிடிக்கின்றேன்.

முதலாவது, நிறுத்திவிட்டுப் பார்ப்பது. ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்கலாம் என்று நம்பக்கூடாது. கடவைக்கு முன்னால் வாகனத்தை நிற்பாட்டி, தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் சில்லைப் பார்க்க வேண்டும். ஓரக்கண்ணை நம்பாமல் தலையைத் திருப்புவதுதான் இதில் முக்கியம்.

இரண்டாவது, குறித்த நேரத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்துவது. தையல் மெசினில் இருப்பவர்கள், அடுப்படியில் மீன் வெட்டுபவர்கள், கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பக்கத்தில் சிறு பிள்ளை இருந்தால், “சத்தம் கேட்டால் பார்ப்பேன்” என்று எண்ண வேண்டாம். வேலை மும்முரத்தில் சத்தம் கேட்காமல் போகலாம். கட்டு இல்லாத கிணறுகள் இன்னும் எங்கள் காணிகளில் இருக்கின்றன.

மூன்றாவது, இன்னொருவரை நிறுத்துவது. கடினமான வேலையைச் செய்பவரே காவலும் இருக்க முடியாது. மரம் வெட்டும்போதும், கூரைக்கு ஓடு மாற்றும்போதும், மீளக்குடியேறிய காணியைத் துப்புரவாக்கும்போதும், செய்பவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தள்ளி நிற்க வேண்டும். காணியில் சந்தேகத்துக்கிடமான பொருள் எதையாவது கண்டால், தொடாமல், வந்த வழியே திரும்பி, உடனடியாக அறிவிக்க வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் மறுபடி சொல்லிவைக்கின்றேன்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

கவனம் குவிவதால் ஓரம் மறைவது எல்லோருக்கும் நடப்பது. வேலை முடிந்து நிமிர்ந்தவுடன் அது நீங்கிவிடும். நீங்காமல் இருந்தால் அது வேறு பிரச்சினை. குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய், வலி இல்லாமல், மெதுவாக, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும். மையப்பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் பலருக்குத் தெரியவருவதில்லை. இழந்த பார்வை திரும்பாது, ஆனால் நேரத்தோடு கண்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். வீட்டில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

எறிகணைச் சிதறல் தலையில் பட்டவர்களுக்கு இன்னொன்றும் நடக்கலாம். மூளையின் பின்பகுதியில் அல்லது பார்வை நரம்பின் வழியில் காயம் ஏற்பட்டிருந்தால், இரண்டு கண்களிலும் ஒரே பக்கம் தெரியாமல் போகக்கூடும். எப்போதும் ஒரே பக்கத்தில் கதவில் இடிபடுவது, தட்டின் ஒரு பக்கச் சோற்றை விட்டுவிடுவது, வாசிக்கும்போது வரியின் ஒரு முனை தொலைந்துபோவது ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். “பராக்குப் பார்க்கிறான்” என்று பாடசாலையிலும் வீட்டிலும் ஏச்சு வாங்கும் ஒருவருக்கு உண்மையில் பார்வைப் பரப்புப் பரிசோதனை தேவைப்படலாம். அரச வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் இதைக் கேட்டுச் செய்யலாம்.

மாமிக்குச் சொன்னது

2009 ஏப்ரலில் புதுமாத்தளனிலிருந்து தண்ணீருக்குள்ளால் நடந்து வந்த பல்லாயிரம் பேரில் எங்கள் மாமியும் ஒருவர். சின்னவளை இடுப்பில் வைத்திருந்தார். மூத்தவன், அவருடைய சீலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் வந்தான். தண்ணீர் இடுப்புக்கு மேல். அடியில் சேறு. ஒவ்வொரு அடியையும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். கரையேறித் திரும்பியபோது தலைப்பு தண்ணீரில் மிதந்தபடி வந்தது. பிள்ளை இல்லை. அவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

“அவன் விட்டது எனக்குத் தெரியேல்லை. சீலையை இழுத்திருப்பான்தானே. கூப்பிட்டிருப்பான்தானே. நான் என்ன தாய்?” என்று மாமி எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றார். கேட்பவர்கள் எல்லோரும் “விதி” என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

போன மாதம் அவரிடம் போய், மேலே எழுதியவற்றை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். விசில் கேட்காமல் போன கதையிலிருந்து தொடங்கினேன். கண் ஒரு இடத்தில் உயிரைக் கொடுத்துப் பார்க்கும்போது ஓரம் தெரியாது, சத்தம் கேட்காது, தொடுகை கூடக் குறைந்துவிடும் என்று சொன்னேன். ஆய்வுகூடத்தில் கையில் வைத்த சிறு அதிர்வையும் அந்தத் தண்ணீரில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அன்று அவன் எந்தக் கணத்தில் கையை விட்டான் என்பதை எந்த ஆய்வும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் பார்க்காமல் நடந்தவர் அல்ல. இடுப்பில் இருந்த பிள்ளை விழாமல் இருக்க, அவருடைய கண்ணும் மூளையும் தங்களிடம் இருந்த எல்லாவற்றையும் அடுத்த அடிக்குக் கொடுத்துவிட்டன. அந்தச் சின்னவள் இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கின்றாள்.

எனக்கு ஒரு அக்கா விசிலோடு தள்ளி நின்றார். மாமிக்கு அன்று அப்படி ஒருவரும் நிற்கவில்லை. அந்தத் தண்ணீருக்குள் இறங்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை எங்கே என்ற கேள்வியும் அவர்களிடமே கேட்கப்பட வேண்டும்.

மாமி கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உனக்கும் மூண்டு தரம் ஊதினது கேக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை மாமி, ஒருக்காத்தான் கேட்டது” என்றேன்.

“திரும்ப ஒருக்கா அந்தக் கதையைச் சொல்லு பிள்ளை” என்றார். முதலிலிருந்து சொன்னேன்.